பதில் ஒருவருக்கா, ஊருக்கா? மின்னஞ்சலின் இரண்டு பொத்தான்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடியிலிருந்து ஏழெட்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது எங்கள் பொது வீடு. இன்றைய தேதிக்கு 31 பங்கு. பங்காளிகள் சென்னை, கோவை, பினாங்கு, சிங்கப்பூர், நியூஜெர்சி என்று பரந்து கிடக்கிறார்கள். சாவி என்னிடம் இருப்பதால் கடிதப் போக்குவரத்தும் என் தலையில் விழுந்தது. ஓடு மாற்றுவது, மின்கட்டணம், காவல்காரர் சம்பளம், முன்னோருக்குக் கூடிச் செய்யும் படைப்புக்குத் தேதி குறிப்பது எல்லாமே மின்னஞ்சலில்தான். பதினோரு ஆண்டுகளாக இதைப் பார்த்துவருவதில், ‘பதில்’ என்ற பொத்தானையும் ‘எல்லோருக்கும் பதில்’ என்ற பொத்தானையும் மாற்றி அழுத்தினால் என்னென்ன நடக்கும் என்பதற்கு எங்கள் வீடே சாட்சி. உறவினர்கள் கேட்டவை, மென்பொருள் எழுதும் என் தங்கை மகன் கேட்டவை, நானே என்னைக் கேட்டுக்கொண்டவை எல்லாம் கீழே இருக்கின்றன.

இரண்டு பொத்தான்களும் உண்மையில் என்ன செய்கின்றன?

‘பதில்’ என்பது கடிதத்தை எழுதியவருக்கு மட்டும் போகும். ‘எல்லோருக்கும் பதில்’ என்பது எழுதியவர், அவர் ‘பெறுநர்’ வரியில் போட்டவர்கள், ‘நகல்’ வரியில் போட்டவர்கள் என அத்தனை பேருக்கும் போகும். உங்கள் முகவரியை மட்டும் செயலி நீக்கிவிடும். உங்களுக்கு இரண்டு முகவரிகள் இருந்து, இரண்டும் உங்களுடையவை என்று செயலிக்குத் தெரியாவிட்டால், உங்கள் பதில் உங்களுக்கே ஒரு பிரதி வந்து சேரும். அதனால் நஷ்டமில்லை.

நகல் என்ற சொல் கார்பன் தாள் காலத்துச் சொத்து. தட்டச்சு இயந்திரத்தில் இரண்டு தாளுக்கு நடுவே நீலத்தாள் வைத்து அடித்த தலைமுறைக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மூலம் ஒருவருக்கு, அடிப்பிரதி மற்றவர்களுக்கு. அடிப்பிரதி வாங்கியவர் பதில் எழுத வேண்டும் என்று அன்றைக்கு யாரும் எதிர்பார்க்கவில்லை. கணினிக்கு வந்தபோது அந்த வித்தியாசம் கரைந்துபோனது.

யாருக்குப் பதில் போக வேண்டும் என்று செயலி எப்படி முடிவு செய்கிறது?

கடிதத்தின் தலைப்பகுதியைப் பார்த்துத்தான். நம் கண்ணுக்குப் பெரும்பாலும் தெரியாத சில வரிகள் அங்கே இருக்கும். ‘எழுதியவர்’ என்று ஒரு வரி. ‘அனுப்பியவர்’ என்று, தேவைப்பட்டால் மட்டும், இன்னொரு வரி. ‘பதில் முகவரி’ என்று, எழுதியவர் விரும்பினால், மூன்றாவது வரி. 1971-இல் ரே டாம்லின்சன் கணினி விட்டுக் கணினி கடிதம் அனுப்பிப் பார்த்தபோது இவ்வளவு நுணுக்கம் இல்லை. 1982-இல் வந்த ஆர்.எஃப்.சி. 822 என்ற தர ஆவணம் இவற்றை ஒழுங்காக எழுதிவைத்தது. 2008-இல் வந்த ஆர்.எஃப்.சி. 5322 அதன் பேரப்பிள்ளை.

எழுதியவருக்கும் அனுப்பியவருக்கும் என்ன வித்தியாசம் என்று என் தங்கை மகன் கேட்டான். இந்த ஊர்க்காரனுக்கு அதைச் சொல்வது எளிது. அந்தக் காலத்தில் எங்கள் ஆட்கள் பர்மாவில் நடத்திய வட்டிக்கடையில், கடைப் பொறுப்பாளரான ஏஜெண்டு சொல்லச் சொல்ல, வேலை பழகும் பெட்டியடிப் பையன் கடிதம் எழுதுவான். கையெழுத்து பையனுடையது, வாக்கு ஏஜெண்டுடையது. பதில் யாருக்குப் போகும்? பையனுக்கா போகும்! தர ஆவணமும் அதையேதான் சொல்கிறது. செயலாளர் ஒருவர் இன்னொருவருக்காகக் கடிதம் அனுப்பினால், செயலாளர் ‘அனுப்பியவர்’ வரியில் இருப்பார், பதில் ‘எழுதியவர்’ வரியில் இருப்பவருக்குப் போகும். ‘பதில் முகவரி’ என்ற வரி இருந்தால் அதற்கே முதலிடம். ‘பதில் எழுதுவதானால் இங்கே எழுதுங்கள்’ என்று எழுதியவரே யோசனை சொல்கிறார் என்று அதற்கு அர்த்தம்.

தமிழில் நாம் ‘அனுப்புநர்’ என்ற ஒரே சொல்லை இரண்டுக்கும் வைத்துக் குழப்பிக்கொள்கிறோம். எழுதியவர் என்றே சொல்லிவிடலாம்.

சரி, எது இயல்பான பொத்தானாக இருக்க வேண்டும்?

எழுதியவருக்கு மட்டும் போவது. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஏன் என்று சொல்ல ஒரு நடந்த கதை.

ஓர் ஐப்பசியில் நல்ல மழை. இரண்டாம் கட்டில் ஓடு நான்கைந்து உடைந்து, தண்ணீர் நேரே அத்தங்குடிக் கல் பதித்த தரையில் சொட்டியது. கீழே பித்தளை அண்டாவை வைத்துப் படம் எடுத்து, ஓட்டு வேலைக்குப் பங்குக்கு இவ்வளவு என்று கணக்குப் போட்டு 31 பேருக்கும் அனுப்பினேன். பினாங்கிலிருந்து பெரியப்பா மகன், எனக்கு அண்ணன் முறை, உடனே பதில் எழுதினார். ‘போன இரண்டு தடவையும் இன்னார் பங்கு வரவில்லை. அதை முதலில் வசூல் செய். அவனுக்கும் சேர்த்து நான் கட்டிக்கொண்டிருக்க முடியாது.’ எனக்கு எழுதிய கடிதம் அது. 31 பேருக்கும் போய்விட்டது. பெயரோடு.

அன்று இரவு யாரும் எதுவும் எழுதவில்லை. மறுநாள் காலை அந்த ‘இன்னார்’ ஒரே ஒரு சொல் எழுதினார்: ‘பார்த்தேன்.’ அதுவும் எல்லோருக்கும். பணம் அன்றே வந்துவிட்டது, அதை ஒத்துக்கொள்ள வேண்டும். ஆனால் அடுத்த இரண்டு படைப்புக்கும் அவர் குடும்பம் வரவில்லை.

இதை எதிர்ப்பக்கம் திருப்பிப் பாருங்கள். எல்லோருக்கும் போக வேண்டிய கடிதம் தவறி எனக்கு மட்டும் வந்திருந்தால் என்ன நடந்திருக்கும்? ‘அண்ணே, இது எனக்கு மட்டும் வந்திருக்கிறது, எல்லோருக்கும் அனுப்புங்கள்’ என்று நான் எழுதியிருப்பேன். அரை நிமிடம். ஒருபக்கத் தவறை மறுபடி ஒரு கடிதம் போட்டுச் சரிசெய்யலாம். மறுபக்கத் தவறுக்கு மருந்தே கிடையாது. பழக்கத்திலும் அவசரத்திலும் கை போகிற பொத்தான், சரிசெய்யக்கூடிய தவறையே செய்வதாக இருக்க வேண்டும்.

அலுவலகத்தில் அப்படி வைத்தால் வேலை ஓடாது என்கிறார்களே?

என் தங்கை மகனின் வாதம் இதுதான். ‘அம்மான், எங்கள் குழுவில் எட்டுப் பேர். ஒருவர் எழுதுவது எட்டுப் பேருக்கும் தெரிய வேண்டும். ஒருவருக்கு மட்டும் பதில் போனால் மற்ற ஆறு பேர் இருட்டில் இருப்பார்கள்.’ அவன் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஜிமெயில் அமைப்புகளில் இயல்பான பதில் எது என்று நாமே தேர்ந்துகொள்ளும் வசதி இருப்பதும் இதற்காகத்தான். அவன் எல்லோருக்கும் என்று வைத்திருக்கிறான். எட்டுப் பேர், ஒரே வேலை, தினமும் முகம் பார்ப்பவர்கள் என்றால் வைத்துக்கொள்ளட்டும். ஆனால் அதே பெட்டிக்குத்தான் அவனுக்குப் பெண் பார்க்கும் கடிதங்களும் வருகின்றன என்பதை நான் நினைவூட்டினேன். அதற்குப் பிறகு அலுவலகத்துக்கும் வீட்டுக்கும் வேறு வேறு முகவரி வைத்துக்கொண்டான்.

யாரையாவது விட்டுவிடுவதும் தவறுதானே?

தவறுதான். எங்கள் பக்கத்தில் அது பெரிய தவறு. கல்யாணம் சொல்லப் போகையில் ஒரு வீட்டை விட்டுவிட்டால் மூன்று தலைமுறைக்குப் பேச்சு இருக்கும். வராத குறையைவிடச் சொல்லாத குறை பெரிது.

மின்னஞ்சலிலும் அது நடந்தது. ஓட்டு வேலைக்குக் கொத்தனார் வரும் தேதியை ஒட்டி, தாங்களும் வந்து பார்ப்பதாகச் சென்னையில் இருக்கும் நான்கு பேர் சொல்லியிருந்தார்கள். கொத்தனாரோடு பேசி ஏற்பாடு செய்திருந்த ஆச்சி, ‘அவர் வீட்டில் துக்கம், ஒரு வாரம் கழித்து வருகிறாராம்’ என்று எழுதினார்கள். ‘பதில்’ அழுத்தினார்கள், எனக்கு மட்டும் வந்தது. எல்லோருக்கும் போயிருக்கும் என்று நானும் வாளாவிருந்துவிட்டேன். நான்கு பேரும் பல்லவன் ரயிலில் வந்து இறங்கினார்கள். காரைக்குடி ஸ்டேஷனில் இரவில் நின்று என்னைத் தொலைபேசியில் அழைத்தார்கள். மறுநாள் பூட்டிய வீட்டைத் திறந்து, உடைந்த ஓட்டை அண்ணாந்து பார்த்துவிட்டு, இட்லி சாப்பிட்டுவிட்டுத் திரும்பினார்கள்.

ஆகவே குறுகலான பொத்தானை இயல்பாக வைத்தால் மட்டும் போதாது. ‘இந்தக் கடிதம் 31 பேருக்கு வந்தது, நீங்கள் ஒருவருக்கு மட்டும் பதில் எழுதுகிறீர்கள்’ என்று எழுதும் பெட்டியின் தலையிலேயே செயலி சொல்ல வேண்டும். அருகிலேயே ‘மற்ற 30 பேரையும் சேர்’ என்று ஒரு தொடுப்பு இருக்க வேண்டும். ஆச்சி அதைப் பார்த்திருந்தால் நான்கு டிக்கெட்டுக் காசு மிச்சம்.

பொத்தானின் பெயரையே மாற்றலாமா?

மாற்றத்தான் வேண்டும். ‘பதில்’, ‘எல்லோருக்கும் பதில்’ என்ற இரண்டும் நாம் செய்யப்போகும் வேலையைச் சொல்கின்றன. கடிதம் யார் கையில் போய் விழும் என்பதைச் சொல்வதில்லை. எல்லோரும் என்றால் யார்? ஆறு பேரா, அறுநூறு பேரா? முதல் பொத்தானில் எழுதியவர் பெயரே இருக்கட்டும். ‘பினாங்கு அண்ணனுக்குப் பதில்’. இரண்டாவதில் எண்ணிக்கை இருக்கட்டும். ‘31 பேருக்கும் பதில்’. பெயரைப் பார்த்தால் கை சற்று நிற்கும், எண்ணைப் பார்த்தால் இன்னும் சற்று நிற்கும்.

இன்னொன்று, இரண்டு பொத்தானையும் ஒட்டினாற்போல் வைப்பது. அடுக்களையில் உப்பு டப்பாவையும் சர்க்கரை டப்பாவையும் ஒரே அளவில் வாங்கி, பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு, மருமகளைக் குறை சொல்வது மாதிரி இருக்கிறது. அம்புக்குறி ஒன்று என்றால் ஒருவருக்கு, இரண்டு என்றால் எல்லோருக்கும் என்பது வரைந்தவருக்குத் தெரிந்திருக்கும். எழுபது வயதுக் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான்.

அனுப்பும் முன் ‘உறுதியாகவா?’ என்று கேட்டால் போதாதா?

போதாது. ஒவ்வொரு முறையும் கேட்டால், கேள்வியைப் படிக்காமலே ‘ஆம்’ என்று அழுத்தப் பழகிவிடுவோம். வங்கி இயந்திரத்தில் ரசீது வேண்டுமா என்று கேட்பதை யார் படிக்கிறார்கள்? அரிதாகக் கேட்டால்தான் கேள்விக்கு மதிப்பு. அலுவலகங்களில் பயன்படும் அவுட்லுக்கில் ஒரு நல்ல ஏற்பாடு உண்டு. பெறுநர் எண்ணிக்கை ஒரு வரம்பைத் தாண்டினால், எழுதும்போதே மேலே ஒரு பட்டையில் அதைக் காட்டும். வரம்பை நிறுவனமே மாற்றிக்கொள்ளலாம், நிறுவனம் தொடாவிட்டால் அது 25. வழியை மறிப்பதில்லை, பார்க்கிறவர் பார்த்துக்கொள்ளலாம்.

அனுப்பியதைத் திரும்பப் பெற முடியுமா?

உண்மையில் முடியாது. ஜிமெயிலில் ‘செயல்தவிர்’ என்று வருகிறதே என்பார்கள். அது திரும்பப் பெறுவது அல்ல. கடிதத்தைச் சில நொடிகள் பிடித்துவைத்துக்கொண்டு பிறகு அனுப்புகிறார்கள், அவ்வளவுதான். 5, 10, 20, 30 நொடிகள் என்று நான்கு தேர்வுகள் இருக்கின்றன. நான் 30 வைத்திருக்கிறேன், உங்களையும் 30 வைக்கச் சொல்வேன். அவுட்லுக்கில் ‘திரும்ப அழை’ என்று ஒன்று இருக்கிறது. ஒரே நிறுவனத்தின் அஞ்சல் அமைப்புக்குள் இருப்பவர்களிடம் மட்டும் அது செல்லுபடியாகும். வெளியே போன கடிதம் போனதுதான்.

என் ஆசை வேறு. ஒருவருக்குப் போகும் பதிலை 10 நொடி நிறுத்தினால் போதும். முப்பது பேருக்குப் போவதை ஐந்து நிமிடம் நிறுத்தட்டும். ஐந்து நிமிடத்தில் கெட்டுப்போகிற செய்தியை மின்னஞ்சலில் யாரும் அனுப்புவதில்லை.

‘மறைநகல்’ என்பதில் பெயர் வந்தால் நான் என்ன செய்ய வேண்டும்?

எல்லோருக்கும் பதில் எழுதாமல் இருக்க வேண்டும். மறைநகலில் வந்த கடிதம் என்பது கதவுக்குப் பின்னால் நின்று கேட்பதற்குச் சமம். உங்களை அங்கே நிறுத்தியவருக்கு மட்டும்தான் நீங்கள் நிற்பது தெரியும். எல்லோருக்கும் பதில் எழுதினால் நீங்களே கதவைத் திறந்துகொண்டு முகப்புக்கு வந்துவிட்டீர்கள், அவர் மானமும் சேர்ந்து போயிற்று. அவுட்லுக் இதைக் கண்டுபிடித்து எச்சரிக்கும். மற்ற செயலிகளும் செய்யலாம், கடினமான வேலை அல்ல. தலைப்பகுதியில் உங்கள் முகவரி எங்கும் இல்லாமல் கடிதம் உங்களுக்கு வந்திருந்தால், மறைநகலாக இருக்க வாய்ப்பு மிகுதி. அந்த இடத்தில் மட்டும் ‘உறுதியாகவா?’ என்று கேட்கட்டும், நான் வரவேற்கிறேன்.

அதே மறைநகல் இன்னொரு விதத்தில் நல்ல கருவி. கல்யாணப் பத்திரிகையை 200 பேருக்கு அனுப்பும்போது எல்லோரையும் மறைநகலில் போட்டு, பெறுநர் இடத்தில் உங்கள் முகவரியையே போட்டுவிடுங்கள். எல்லோருக்கும் பதில் அழுத்தினாலும் வாழ்த்து உங்களுக்கு மட்டும் வரும்.

ஒரே பெயரில் பலர் இருந்தால்?

எங்கள் பக்கத்தில் இது நோயாகவே இருக்கிறது. தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கும் வழக்கத்தால், எங்கள் 31 பேரில் ஒரே பெயரில் நால்வர். செயலியில் முதல் மூன்று எழுத்தை அடித்தால் நால்வரும் வரிசையாக வந்து நிற்பார்கள், அண்மையில் யாருக்கு எழுதினோமோ அவர் முதலில் நிற்பார். ஒருமுறை ஒருவருடைய வைத்தியச் செலவுக் கணக்கை இன்னொருவருக்கு அனுப்பிவிட்டேன்.

பழைய ஆட்கள் இதற்கு வழி கண்டுவைத்திருந்தார்கள். விலாசம் என்றால் இங்கே தெருவும் கதவு எண்ணும் மட்டும் அல்ல. லேவாதேவிக் காலத்தில் முன்னோர் பெயர்களின் முதலெழுத்துகளைக் கோத்த சரம்தான் கடையின் விலாசம். ஒரே பெயரில் பத்துப் பேர் இருந்தாலும் விலாசம் பிரித்துக்காட்டும். நானும் அதைப் பின்பற்றி, தொடர்புப் பட்டியலில் ஒவ்வொருவர் பெயருக்கு முன்னும் விலாசத்தை முழுதாக அடித்து வைத்திருக்கிறேன். செயலி செய்ய வேண்டியது, முகப்படத்தையும் முழு முகவரியையும் பெயருக்குப் பக்கத்தில் காட்டுவது. ‘இதே பெயரில் இன்னும் மூவர் இருக்கிறார்கள்’ என்று சொன்னால் இன்னும் நல்லது.

நடுவில் புதியவரைச் சேர்த்தால் என்ன ஆபத்து?

பதில் எழுதும்போது அடியில் பழைய கடிதங்கள் வாலாக ஒட்டிக்கொண்டு போவதுதான் ஆபத்து. தரை வேலைக்குக் கல் போடுபவர் ஒருவரிடம் விலை கேட்டிருந்தோம். அவர் 4 லட்சம் சொன்னார். ‘நாலு சொன்னால் மூன்றுக்கு முடிப்பார், கொஞ்சம் இழுத்துப் பிடி’ என்று பங்காளிகளுக்குள் பத்துப் பதினைந்து கடிதம் ஓடியது. கடைசியில் ஒருவர், வேலையை முடிக்கும் உற்சாகத்தில், அந்தக் கல்காரரையே பெறுநராகச் சேர்த்து ‘ஐயா, இவரோடு நேரில் பேசிக்கொள்ளுங்கள்’ என்று எல்லோருக்கும் அனுப்பினார். வால் முழுவதும் அப்படியே போயிற்று. கல்காரர் நல்ல மனிதர், சிரித்தார். ஆனால் நான்கிலிருந்து ஒரு ரூபாய் இறங்கவில்லை.

பேச்சுக்குப் புதிய ஆள் ஒருவரைச் சேர்க்கிற அந்த நொடியில் ‘பழைய கடிதங்கள் 15 இதனோடு போகின்றன, வெட்டிவிடவா?’ என்று செயலி கேட்க வேண்டும். அரிதாகக் கேட்க வேண்டிய கேள்விகளில் இது முதன்மையானது.

குழுவுக்கு ஒரே முகவரி வைத்தால் தொல்லை தீருமா?

பாதி தீரும், வேறொரு பாதி முளைக்கும். 31 முகவரியைச் சுமப்பதற்குப் பதில் ஒரே குழு முகவரிக்கு எழுதலாம், யாரும் விடுபட மாட்டார்கள். ஆனால் சில குழு அமைப்புகள், வரும் ஒவ்வொரு கடிதத்திலும் ‘பதில் முகவரி’ வரியில் குழுவின் முகவரியை எழுதிவிடும். அப்போது ‘பதில்’ என்று சாதாரணமாக அழுத்தினாலும் கடிதம் ஊருக்கே போகும். எழுதியவருக்கு மட்டும் எழுத நினைப்பவருக்கு வழி அடைபட்டுவிடுகிறது. இது வசதியா, அநியாயமா என்று மென்பொருள் எழுதுவோர் பல்லாண்டாகச் சண்டை போட்டிருக்கிறார்கள். நான் அநியாயம் என்ற கட்சி. ‘பதில் முகவரி’ என்பது எழுதியவர் சொல்ல வேண்டிய யோசனை. நடுவில் கடிதத்தைக் கொண்டுபோகிற தபால்காரர் அதை மாற்றி எழுதக் கூடாது.

இதற்குச் சரியான விடை மூன்றாவது பொத்தான். தண்டர்பேர்டு செயலியில் ‘குழுவுக்குப் பதில்’ என்று தனியாக இருக்கிறது. 1998-இல் வந்த ஆர்.எஃப்.சி. 2369 சொன்ன தலைப்பு வரிகளைப் பார்த்து, இது குழுக் கடிதம் என்று அது புரிந்துகொள்ளும். எழுத்துத் திரையில் ஓடும் மட் என்ற செயலியில் எழுதியவருக்கு ஒரு விசை, எல்லோருக்கும் ஒரு விசை, குழுவுக்கு ஒரு விசை என்று மூன்று உண்டு. மற்றவர்கள் ஏன் இதைப் பின்பற்றவில்லை என்பது எனக்கு விளங்காத விஷயம்.

பெரிய நிறுவனங்களில் இதெல்லாம் நடக்காது அல்லவா?

நம்மைவிடப் பெரிதாக நடக்கும். 1997-இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்துக்குள் சுமார் 13,000 பேர் இருந்த ஒரு பட்டியலுக்கு ஒருவர் ‘என்னை ஏன் இதில் சேர்த்தீர்கள், நீக்குங்கள்’ என்று எழுதினார். ‘என்னையும்’ என்று மற்றவர்கள் எல்லோருக்கும் பதில் எழுத, பதிலுக்குப் பதில் எழுத வேண்டாம் என்று இன்னும் சிலர் எல்லோருக்கும் எழுத, அஞ்சல் அமைப்பே திணறியது. 2016 நவம்பரில் பிரிட்டன் அரசு மருத்துவச் சேவையில் ஒரு சோதனைக் கடிதம் எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்குப் போய், அங்கேயும் இதே கூத்து.

2020-இல் மைக்ரோசாஃப்ட் ஒரு தடுப்பு வைத்தது. தொடங்கியபோது அதன் கணக்கு இது: 5,000 பேருக்கு மேல் போகும் ‘எல்லோருக்கும் பதில்’ ஒரு மணி நேரத்தில் பத்து வந்தால், அந்தப் பேச்சில் அடுத்து வருகிற பதில்களை நான்கு மணி நேரத்துக்குத் தடுத்துவிடும். சூடு ஆறும் வரை கதவை அடைப்பது. எங்கள் வீட்டுக்கு ஐயாயிரம் வேண்டாம், ஐந்து பேர் என்று வைத்தாலே போதும்.

கைபேசியில் எப்படி?

ஐபோன் அஞ்சல் செயலியில் அம்புக்குறியைத் தொட்டால் பதிலா, எல்லோருக்குமா என்று பட்டியல் திறக்கும். ஒரு தொடுகை கூடுதல்தான், ஆனால் அந்த ஒரு தொடுகையில் யோசிக்க நேரம் கிடைக்கிறது. எனக்குப் பிடித்த ஏற்பாடு. நடந்துகொண்டே பதில் எழுதும் பழக்கத்துக்குச் செயலியால் மருந்து கொடுக்க முடியாது.

‘சரி’, ‘நன்றி’, ‘கிடைத்தது’ எல்லாம் எல்லோருக்கும் அனுப்ப வேண்டுமா?

வேண்டாம். சிங்கப்பூரும் பினாங்கும் நமக்கு இரண்டரை மணி நேரம் முந்தி விழிக்கின்றன. அங்கே காலை ஏழு மணிக்கு ஒருவர் எழுதும் ‘நன்றி’, இங்கே நாலரைக்கு என் தலைமாட்டில் மணி அடிக்கிறது.

இதற்கு வாட்ஸ்அப் குழு போதாதா?

வாட்ஸ்அப்பில் எல்லாமே எல்லோருக்கும்தான், அதனால் அங்கே யாரும் உண்மையைப் பேசுவதில்லை. காலை வணக்கமும் பிள்ளையார்பட்டி அலங்காரப் படமும் வருகின்றன. வரவு செலவு வரும்போது மௌனம். மின்னஞ்சலில் ஒருவருக்குத் தனியாகவும் எல்லோருக்கும் பொதுவாகவும் ஒரே பேச்சுக்குள் எழுத முடிகிறது. பொத்தான் தவறுகிறது என்பதற்காக அதை விட்டுவிட எனக்கு மனமில்லை. மூன்றாண்டு கழித்து யார் எவ்வளவு கொடுத்தார் என்று தேடி எடுக்கவும் அதுதான் பேரேடு.

தவறு நடந்துவிட்டது. இப்போது என்ன செய்வது?

முதலில் கையை எடுங்கள். ‘முந்தைய கடிதத்தைப் பொருட்படுத்த வேண்டாம்’ என்று எல்லோருக்கும் இன்னொன்று எழுதாதீர்கள். முதல் கடிதத்தைத் திறக்காதவரும் அதைப் பார்த்துத் திறப்பார். சம்பந்தப்பட்ட ஒருவர் யாரோ, அவரைத் தொலைபேசியில் கூப்பிடுங்கள். பக்கத்து ஊர் என்றால் நேரில் போங்கள், கையில் ஏதாவது வாங்கிக்கொண்டு போங்கள். பினாங்கு அண்ணன் அதைத்தான் செய்தார். அடுத்த முறை ஊருக்கு வந்தபோது நேரே அந்த வீட்டுக்குப் போய், ஒரு பகல் முழுவதும் பட்டாலையில் உட்கார்ந்து பேசிவிட்டு வந்தார். என்ன பேசினார்கள் என்று இரண்டு பேருமே சொல்லவில்லை. மூன்றாம் ஆண்டு படைப்புக்கு இரு குடும்பமும் வந்தன.

அண்ணன் அன்றிலிருந்து ஒரு வழக்கம் வைத்திருக்கிறார். எனக்கு மட்டும் எழுதுவதானால் பொருள் வரியில் ‘தனி’ என்று போடுவார். போன வாரம் வந்த கடிதத்திலும் போட்டிருந்தார். சீப்புச்சீடையும் மனகோலமும் இரண்டு கிலோ செய்து அனுப்பச் சொல்லி, வேறு யாருக்கும் சொல்ல வேண்டாம் என்று எழுதியிருந்தார். 31 பேருக்கும் போயிருக்கிறது. தங்களுக்கும் வேண்டும் என்று ஆறு பேர் பதில் எழுதியிருக்கிறார்கள், ஆறும் எனக்கு மட்டும்.